உங்களுக்குத் தெரியுமா? ஓவியத்துக்கு எக்ஸ்ரே!

● இயற்பியலாளர் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். மறு ஆண்டே ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் இயற்பியலாளர் வால்டர் கோனிக் ஓர் ஓவியத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டார்.

● அந்தக் கால ஐரோப்பிய ஓவியர்களுக்கு வெள்ளை நிறம் என்றாலே பெரும்பாலும் ஈய வெள்ளைதான். ஈயம் எக்ஸ்ரேயைத் தடுத்துவிடும். அதனால் அதைப் பூசிய இடமெல்லாம் படத்தில் வெளுப்பாகத் தெரியும். மேலே எவ்வளவு கருப்பு பூசினாலும் அடியில் ஈய வெள்ளை கலந்து வரைந்த முகம் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் எல்லா அடுக்குகளும் ஒரே படத்தில் கலந்து விழுவதால், யார் எப்போது பூசினார் என்பதை எக்ஸ்ரே சொல்லாது.

● இதற்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் உள்ள, டச்சு ஓவியர் வெர்மீரின் ஓவியமே சாட்சி. ஜன்னலோரம் நின்று கடிதம் படிக்கிறாள் ஒரு பெண். பின்னால் வெறும் சுவர். 1979இல் எடுத்த எக்ஸ்ரேயில் அந்தச் சுவரில் காதல் தேவன் க்யூபிட்டின் பெரிய படம் தெரிந்தது! வெர்மீரே மனம் மாறி அழித்திருப்பார் என்றுதான் பல ஆண்டுகள் நம்பினார்கள். 2017இல் ஓவியத்தைப் பழுதுபார்த்தபோது ஆய்வகம் வேறு கதை சொன்னது. க்யூபிட்டுக்கும் மேல்பூச்சுக்கும் நடுவே அழுக்குப் படலம். அது படியப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன்பே, 1675இல், வெர்மீர் இறந்துவிட்டார். ஆக, மூடியது வேறு யாரோ! நுண்ணோக்கியில் பார்த்தபடியே சிறு கத்தியால் மேல்பூச்சைச் சுரண்டி எடுத்து, 2021இல் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அவள் கையில் இருப்பது காதல் கடிதம்தான் என்பதை இப்போது யாரும் சொல்லத் தேவையில்லை.

● கேன்வாஸ் துணியின் ஊடும் பாவும்கூட எக்ஸ்ரேயில் பதியும். கணினியால் இழைகளை எண்ணி, பாரிஸின் லூவரில் உள்ள வெர்மீரின் ‘லேஸ் பின்னுபவள்’ ஓவியத்துக்கும், அவருடையதுதானா என்று நெடுங்காலம் சந்தேகித்த இன்னொரு சிறு ஓவியத்துக்கும் துணி ஒரே சுருளிலிருந்து வந்ததைக் கண்டறிந்தார்கள். சந்தேகம் தீர இதுவும் உதவியது.

● கையில் காசில்லாத ஓவியர் வான்கோ, வரைந்த கேன்வாஸ் மீதே மறுபடியும் வரைந்தார். 1887இல் அவர் தீட்டிய புல்வெளிக்கு அடியில் ஒரு தலை இருப்பதைச் சாதாரண எக்ஸ்ரே மங்கலாகக் காட்டியது. 2008இல் ஹாம்பர்க்கில் சின்க்ரோட்ரான் என்னும் பெரும் கருவியின் எக்ஸ்ரே கொண்டு, பாதரசமும் ஆன்டிமனியும் எங்கெங்கே உள்ளன என்று புள்ளி புள்ளியாக அளந்தார்கள். பாதரசம் சிவப்பைக் காட்டியது; ஆன்டிமனி, வெளிர் மஞ்சளை. இரண்டையும் சேர்த்ததும் கிடைத்தது ஒரு குடியானவப் பெண்ணின் முகம், அதன் நிறத்தோடு!