மறிச்சுக்கட்டி வேலிக்குள்ளே எட்டிப் பார்ப்போமா?

இலங்கையில் மன்னாருக்குத் தெற்கே மறிச்சுக்கட்டி. நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால், வருஷத் தொடக்கத்தில் போனால் மணலும் முள்ளுக்காடும்தான். மார்ச் மாதம் போய்ப் பாருங்கள்: சர்க்கார் கச்சேரி, கோர்ட், போலீஸ், ஆஸ்பத்திரி, சிறை, தபால் தந்தி ஆபீஸ், நீள நீளமாகக் கடைத்தெரு! முத்துச் சலாபம், அதாவது சர்க்கார் முத்துக்குளிப்பு, நடக்கிற வருஷங்களில் மட்டும் முளைக்கிற ஊர் இது. தீபாவளிக்கு முதல் நாள் நம்ம சேலம் சூரமங்கலம் ஜங்ஷனில் நிற்கிற கூட்டத்தை அப்படியே தூக்கிக் கடற்கரையில் வைத்ததுபோல, இருபது முப்பதாயிரம் பேர். தென்மேற்குக் காற்று வருவதற்குள் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு அத்தனை பேரும் கிளம்பிவிடுவார்கள்.

கீழக்கரையிலிருந்து முஸ்லிம்கள், தூத்துக்குடியிலிருந்து பரதவர்கள், பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுகள். 1906-ல் முத்துக் குளித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அரபுகள்! அவர்கள் மூக்கில் கிடுக்கி மாட்டுவார்கள், நம்மவர்கள் விரலாலேயே மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். இத்தனை வெளியூராரையும் பாஸ்போர்ட் கட்டாயமில்லாத காலத்தில் எப்படிக் கட்டி மேய்த்தார்கள்? படகை வைத்துத்தான். சர்க்கார் அறிவிப்பு வரும். படகு பதிவாகும், எண் விழும். பதிவான படகில் இருந்தால்தான் பாரில், அதாவது கடலடிச் சிப்பித் திட்டில், இறங்கலாம்.

இனி நான் துள்ளிக் குதிக்கிற இடத்துக்கு வருகிறேன்: ‘கொட்டு’. வேலி அடைத்த பெரிய கொட்டகை. நள்ளிரவு வாக்கில் தரைக்காற்றில் போன தோணிகள் பிற்பகல் கடற்காற்றில் திரும்பும். சிப்பி மூட்டையோடு குளியாட்கள் உள்ளே ஓடிவந்து, தங்கள் கையாலேயே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். அதிகாரி வந்து இரண்டைத் தொடுவார், அவை சர்க்காருக்கு. மிச்சம் ஒன்று குளித்தவர்களுக்கு. எந்தக் குவியல் தனக்கு வரும் என்று பிரிக்கிறவருக்குத் தெரியாது. ஆகவே மூன்றும் சமமாகத்தான் இருக்கும். தராசு வேண்டாம், தகராறும் குறைவு! 1906-ல் அப்படிக் குவியல் தொட்ட இளம் அதிகாரி யார் தெரியுமா? பின்னாளில் வர்ஜீனியா வுல்ஃபின் கணவரான லியோனார்ட் வுல்ஃப். அழுகிய சிப்பியின் நாற்றத்துக்கும் ஈக்கூட்டத்துக்கும் நடுவே, இரவும் பகலும். வாசலைத் தாண்டியதும் குளியாட்களின் பங்கைச் சில்லறை வியாபாரிகள் மொய்த்துக்கொள்வார்கள். 1905-ல் மட்டும் 8 கோடிக்கு மேல் சிப்பி, சர்க்காருக்கு 25 லட்சம் ரூபாய்.

அதே சமயம் ஆஸ்திரேலியாவின் புரூமில் கதை வேறு. 1901-ல் அந்நாடு குடியேற்றத் தடைச் சட்டம் போட்டது. வேண்டாதவரை விரட்ட, ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொல் எழுதச் சொல்லும் பரீட்சை. ஆனால் புரூமின் முத்துச்சிப்பித் தொழிலுக்கு ஜப்பானியரும் மலாய்க்காரரும் வேண்டுமே! ஒப்பந்தத்தில் வரலாம், முடிந்ததும் முதலாளி திருப்பி அனுப்பியாக வேண்டும், அதற்குப் பிணைப்பணம். 1912-ல் அவர்களுக்குப் பதிலாகப் பிரிட்டிஷ் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிப் பார்த்தார்கள். சிலர் செத்தே போனார்கள், முயற்சியும் தோற்றது. ஆசியர்களே தொடர்ந்து குளித்தார்கள். 1941 டிசம்பரில் யுத்தம் வந்ததும் புரூம் ஜப்பானியரைக் காவலில் வைத்து, யுத்தம் முடிந்தபின் பெரும்பாலோரை நாடு கடத்தினார்கள். அங்குள்ள ஜப்பானியர் இடுகாட்டில் 700-க்கு மேல் கல்லறைகள்.

இரண்டு இடத்திலும் வந்தவர்கள் வேலை முடிந்ததும் திரும்பியே ஆக வேண்டும். மறிச்சுக்கட்டியிலும் சர்க்காருக்குப் போனது மூன்றில் இரண்டு பங்கு. அதை நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் குளித்தவன் தன் குவியலைக் கண்ணால் பார்த்து, கையோடு விற்றுக் காசாக்கிக்கொண்டு ஊர் திரும்பினான். அந்த ஒன்றில் புரூமைவிட மறிச்சுக்கட்டி ஒரு படி மேல்.

இப்படி வேலைக்கு வந்து திரும்புகிறவர்கள் நம்ம பக்கமும் உண்டு. சூரமங்கலம் ஜங்ஷனில் இன்றும் வடமாநிலத் தொழிலாளர்கள் இறங்குகிறார்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வெளிமாநிலத்திலிருந்து கூட்டிவரும் தொழிலாளிக்கு வரவும் போகவும் பயணச் செலவு தர வேண்டும் என்று 1979-லேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆள் கூட்டிவரும் அன்பர்களே, அவர்கள் ஊர் திரும்பும் நாளில் கணக்கைக் கண்முன் தீர்த்து, டிக்கெட்டையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.