சட்டியில் அம்மாவுக்கும் ஒரு மீன்

முல்லைத்தீவின் கரையோரக் கிராமமொன்றில் தாய்மார் கூட்டம். "நேற்றிரவு என்ன சாப்பாடு?" என்று கேட்டேன். "புட்டும் மீன்குழம்பும்" என்றார் ஏழு மாதக் கர்ப்பிணியான ஒரு தங்கை. "எத்தனை மீன் சாப்பிட்டீங்கள்?" என்றதும் சிரித்துக்கொண்டே, "எனக்குக் குழம்பு தானே அக்கா" என்றார். கணவர் கடலுக்குப் போகிறவர். அவரது கிளினிக் அட்டையிலோ குருதிச்சோகை என்று எழுதியிருந்தது.

குடும்பத்துக்குள் உணவு எவ்வாறு பங்கிடப்படுகிறது என்று சமூகவியல் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஆனால் எங்கள் அம்மா ஏன் எப்போதும் தலையும் குழம்பும் தான் தனக்கு விருப்பம் என்று சொன்னார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு நடுத்துண்டு, பிள்ளைகளுக்கு முள்ளில்லாத துண்டு, மிஞ்சினால் தாய்க்கு. யாரும் போட்ட சட்டமல்ல. ஆனாலும் வீட்டுக்கு வீடு நடக்கிறது.

வன்னியைச் சுற்றிலும் மீன் தான். கிழக்கே முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்; மேற்கே பூநகரி, நாச்சிக்குடா; உள்ளே இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம். ஆனால் அறக்குளாவும் பாரையும் இறாலும் ஐஸ் பெட்டியில் ஏறிக் கொழும்புக்குப் போய்விடுகின்றன. 2022 பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்ததை நாம் மறக்கவில்லை.

பெரிய மீனில் தான் சத்து உண்டு என்று எண்ண வேண்டாம். முள்ளோடு மென்று சாப்பிடக்கூடிய நெத்தலியும் சூடையும் கல்சியம் தருகின்றன. மீனிலுள்ள இரும்பு உடலில் இலகுவாகச் சேரும். கூடச் சாப்பிடும் பருப்பு, கீரையின் இரும்பும் சேர அது உதவும். கடலுக்குத் தூரமான வவுனியாச் சகோதரிகளுக்குக் குளத்து மீன் இருக்கிறது. நாம் 'ஜப்பான் மீன்' என்று சொல்லும் திலாப்பியா ஆபிரிக்காவிலிருந்து வந்தது. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது.

இரவுக்கு இலகுவான இரண்டு கறிகள்:

நெத்தலிச் சொதி: வெட்டிய சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, சிறிது வெந்தயம், மஞ்சள், உப்பு ஆகியவற்றை இரண்டாம் பாலில் அவியவிடுங்கள். கழுவிய மீனைப் போட்டு, வெந்ததும் முதற்பால் விட்டு, ஒரு கொதி வரும்போது இறக்குங்கள். ஆறியபின் தேசிக்காய்ப் புளி விடுங்கள். இடியப்பத்துக்கும் புட்டுக்கும் நல்லது.

குளத்து மீன் புளிக்குழம்பு: மீனை உப்பும் பழப்புளியும் பூசிக் கால் மணித்தியாலம் வைத்துக் கழுவினால் சேற்று மணம் குறையும். வெங்காயம், உள்ளி வதக்கி, கறித்தூளும் புளிக்கரைசலும் விட்டுக் கொதித்தபின் மீனைப் போட்டு, சிறு நெருப்பில் வற்றவிடுங்கள். அகப்பையால் கிண்டாமல் சட்டியைப் பிடித்து அசையுங்கள்.

சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்க வேண்டாம். அது இரும்பு சேர்வதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் பொறுங்கள். கருவாடு என்றால் ஊறவைத்து உப்பைப் போக்குங்கள். பெரிய சுறாவில் பாதரசம் கூடுதலாக இருக்கும்; கர்ப்பிணிகள் அதைத் தவிர்ப்பது நல்லது. மீன் சாப்பிடுவதால் கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையை நிறுத்திவிடக் கூடாது.

அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தத் தங்கை தானாகவே சொன்னார்: "பரிமாற முதலே என்ர பங்கை எடுத்து வைச்சன் அக்கா. அவர் பார்த்திட்டு, 'இவ்வளவு நாளும் நீர் மீன் சாப்பிடேல்லையா?' எண்டு கேட்டார்." கணவருக்கு மனமில்லாமல் இல்லை; அவர் கவனிக்கவில்லை, இவர் சொல்லவுமில்லை.

சகோதரிகளே, இன்றிரவு சட்டியை இறக்கியதும் முதலில் ஒரு கோப்பையில் உங்கள் மீனை எடுத்து மூடி வையுங்கள். அது பிள்ளையின் பங்கைப் பறிப்பதல்ல. நாளைக்கும் அந்தப் பிள்ளைக்குச் சமைக்க நீங்கள் பலத்தோடு எழும்ப வேண்டும்.