கேட்ட அளவில் ஒரு மேசை

கேட்ட அளவில் மேசை, கட்டில், அலமாரி செய்து தரும் சிறு தச்சுப் பட்டறையின் கணக்கு கன அடியில் தொடங்குகிறது. பலகையின் நீளத்தை அடியிலும் அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி வரும். 5 அடி நீளம், 3 அடி அகலம், 1 அங்குலக் கனமுள்ள சாப்பாட்டு மேசைக்கு மேற்பலகை மட்டும் 1.25 கன அடி. ஆனால் இழைத்து 1 அங்குலம் நிற்க, ஒன்றேகால் அங்குலப் பலகை வேண்டும். அங்கேயே கணக்கு 1.56 ஆகிவிடுகிறது. வெடிப்பும் முடிச்சும் பூச்சி அரிக்கும் வெளிறும் கழிந்தால் வாங்க வேண்டிய மரம் இன்னும் கூடும். இந்தச் சேதாரத்தை விலையில் சேர்க்காத பட்டறை, கூலியிலிருந்துதான் அதை ஈடுகட்டும்.

மரத்துக்கும் அது உலரும் காலத்துக்கும் பணம் முடங்குவதால் முன்பணம் வாங்குவது வழக்கம். பச்சை மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியபின்தான் சுருக்கம் தொடங்கும். நீளவாக்கில் அது மிகக் குறைவு, அகலவாக்கில்தான் அதிகம். அதிலும் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய சுருக்கம், வளையத்துக்குக் குறுக்கே உள்ளதைவிடச் சுமார் இரண்டு மடங்கு. பலகை வளைவது இதனால்தான். ஆகவே பலகைகளுக்கு இடையே ரீப்பர் வைத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்கி உலர்த்துகிறார்கள்.

உலர்ந்த மரமும் அடங்கிவிடுவதில்லை. மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். ஈரப்பதம் 3 விழுக்காடு மாறினால் 3 அடி அகலத் தேக்குப் பலகை 5 மில்லிமீட்டர் வரை அசையும். அதிகம் அசையாத மரம் என்று பெயர் வாங்கிய தேக்குக்கே இவ்வளவு! நல்ல தச்சரின் தேர்ச்சி இந்த அசைவுக்கு இடம் விடுவதில் இருக்கிறது. மேற்பலகையைக் கீழ்ச்சட்டத்தோடு பசையிட்டு இறுக்கினால் அது நாளடைவில் வெடிக்கும். அதனால் திருகுக்கு நீள்வட்டத் துளை இடுகிறார்கள். அலமாரிக் கதவில் சட்டத்தின் உட்புறம் காடி எடுத்து, நடுப்பலகையைப் பசையில்லாமல் செருகுகிறார்கள். பசை சட்டத்தின் மூலைகளுக்குத்தான். அங்கே கழுந்து துளையில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். உளியால் அதைச் சீர்செய்யும் நேரம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விலையில் அதற்கு நியாயமான பங்கு உண்டு.

கடைசி வேலை பாலிஷ். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷும் ஈரத்தை முழுவதும் தடுப்பதில்லை, அது ஏறி இறங்கும் வேகத்தைத்தான் குறைக்கிறது. மேற்புறம் மட்டும் பூசினால் இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் ஈரம் வாங்கிப் பலகை குழிந்துவிடும். எனவே யாரும் பார்க்காத அடிப்புறத்துக்கும் பாலிஷ் பூச வேண்டும்.