ஹெப்பேண் ஊற்றும் பொற்சுரங்கமும்

அவுஸ்திரேலியாவின் விக்டோறியா மாநிலத்திலே, மெல்பேண் நகரிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 110 கிலோமீற்றர் தொலைவில் டேல்ஸ்பேட் என்னும் சிற்றூர் உளது. அதற்கு வடக்கே சில கிலோமீற்றர் சென்றால், ஒடுங்கிய பள்ளத்தாக்கொன்றில் ஹெப்பேண் ஊற்றுக்களைக் காணலாம். கைப்பம்பியை நாலைந்து முறை அழுத்தினால் நுரை கலந்த குளிர்நீர் வரும். அது சோடாவைப்போல நாவைச் சுரீரெனத் தொடும். அந்நீரைக் காசு கொடாமல் எவரும் குடிக்கலாம். போத்தல்களில் நிரப்பியுஞ் செல்லலாம். இன்று மரமடர்ந்து அமைதியாய்க் கிடக்கும் இப்பள்ளத்தாக்கு ஒரு காலத்திற் பொன்னுக்காகக் கிண்டிக் கிளறப்பட்ட நிலம் என்பதை அறிந்தபின்னரே, இந்த ஊற்று இன்னும் ஓடுவதன் அருமை விளங்கும்.

பொன்னும் ஊற்றும் ஒரே இடத்திற் சேர்ந்தமை தற்செயலன்று. அந்நிலத்தின் அடித்தளம், 44 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடைய அடையற்பாறையாலானது. ஆழ்கடலின் மணலும் சேறும் படிந்து இறுகி, பின்னர்ப் புவியின் நெருக்கத்தால் மடிந்து நிமிர்ந்து பிளவுண்டன. அப்பிளவுகளிலே வெண்படிகக்கல் நரம்புகள் உருவாயின. அவற்றோடு பொன்னும் தங்கியது. மிகப் பிந்திய காலத்தில், அதாவது கடந்த சில பத்து இலட்சம் ஆண்டுகளுள், இப்பகுதியில் எரிமலைகள் பல எழுந்து அடங்கின. அருகிலுள்ள பிராங்கிளின் மலை அவ்வகையினதே. எரிமலைகள் அடங்கினும் அவற்றின் மூச்சு முற்றாக அடங்கவில்லை. ஆழத்திலிருந்து காபனீரொட்சைட்டு வாயு, அதாவது கரியமிலவாயு, அப்பழைய பிளவுகளின் வழியே மேலெழுகின்றது. மேட்டு நிலத்திற் பெய்த மழைநீர் நிலத்துட் புகுந்து, அவ்வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகின்றது. வெறும் நீருக்கு எளிதில் இடங்கொடாத பாறை இவ்வமில நீருக்குச் சிறிது சிறிதாக இடங்கொடுக்கும். இவ்வாறு கல்சியம், மகனீசியம், இரும்பு, சிலிக்கா முதலியன நீரிற் சேர்கின்றன. நெடுங்காலம் நிலத்தடியில் ஊர்ந்தபின், நீர் தான் வெளிப்படத் தக்க மிகத் தாழ்ந்த இடத்தை நாடுகின்றது. அத்தாழ்ந்த இடம் ஓடையின் படுகையே.

சிக்கல் தோன்றுவது இங்கேதான். பாறையிலிருந்து மழையால் அரிக்கப்பட்ட பொன்னும், பாரமிகுதியால், அதே ஓடைப்படுகையின் அடியிற் சென்று தங்குகின்றது. ஆகவே பொன் தேடுவோன் மண்வெட்டியை ஊன்றுமிடமும் ஊற்றுக் கண் திறக்குமிடமும் ஒன்றாகிவிட்டன.

இவ்விடம் ஜா ஜா வூறங் என்னும் பழங்குடி மக்களின் தாயகம். ஐரோப்பியர் வருமுன்னரே அவர்கள் இவ்வூற்றுக்களை அறிந்து பயன்படுத்தினர். 1830களின் இறுதியில் ஆட்டு மந்தைகளோடு குடியேறியோர் வந்தனர். ஊருக்குப் பெயர் தந்த கப்பித்தான் ஜோன் ஹெப்பேண் அவர்களுள் ஒருவர். 1851 ஆம் ஆண்டு டேல்ஸ்பேட்டிற் பொன் அகப்பட்டதும் நிலைமை அடியோடு மாறியது. சீனர், ஆங்கிலேயர், அயர்லாந்தினர் வந்தனர்; சுவிற்சர்லாந்தின் இத்தாலிய மொழிப் பகுதியிலிருந்தும் வட இத்தாலியிலிருந்தும் பெருந்தொகையானோர் வந்தனர். ஊற்றுக்களுள் ஒன்று இன்றும் லொக்கார்ணோ என்னும் சுவிஸ் நகரத்தின் பெயரைத் தாங்குகின்றது. 1859 இல் எழுந்த மக்கரோனி ஆலைக் கட்டடமொன்றும் அங்கே எஞ்சியுள்ளது.

பொன்னகழ்வோர் ஓடைகளை மறித்தனர், திசை திருப்பினர், கரைகளை நீர்ப்பாய்ச்சிக் கரைத்தனர். கரைந்த மண் சேறாகித் தாழ்நிலங்களிற் படிந்தது. நடு விக்டோறியாவிற் பல ஊற்றுக்கள் இவ்வாறு புதையுண்டன. குழி ஆழமாகுந்தோறும் ஊற்றின் நீர் வழிமாறும் அச்சமும் இருந்தது. அந்நிலையில் ஊரவர் 1864 ஆம் ஆண்டு, ஊற்றுக்களைச் சுரங்கத் தொழிலிலிருந்து காக்கும்படி அரசாங்கத்துக்கு விண்ணப்பஞ் செய்தனர். 1865 இல் ஊற்றைச் சூழ்ந்த நிலம் பொது ஒதுக்கிடமாயிற்று. பொன்னை நம்பிப் பிழைத்த ஊரொன்று, பொன் கிடைக்கக்கூடிய நிலத்தை நீருக்காக விடுவிக்கும்படி கேட்டமை கவனிக்கத்தக்கது. அவர்களை வெறும் துறவு மனத்தினர் எனக் கொள்ள வேண்டியதில்லை. மருந்துநீர் ஊற்றுக்களை நாடிச் செல்லும் வழக்கம் ஐரோப்பாவிற் பழையது. அந்நீர் எத்துணை வருவாய் தரும் என்பதை அங்கிருந்து வந்தோர் நன்கறிவர். 1895 இற் குளிப்பு மண்டபமும் எழுந்தது. ஆயினும் இலாப நோக்குங் கலந்த அவ்வேண்டுகோளின் பயனாக நீர் பொதுவுடைமையாய் நிலைத்தது. குளிப்பு மண்டபத்துட் புகக் கட்டணம் உண்டு. வெளியே பம்பியடிக்கு இல்லை.

பார்க்கச் செல்வோர் ஒரே ஊற்றோடு திரும்பிவிடலாகாது. சோடா ஊற்று, கந்தக ஊற்று, லொக்கார்ணோ, வையூனா என ஒன்றற்கொன்று நடைதூரத்தில் உள்ள இவை சுவையிலும் மணத்திலும் வேறுபடும். பாறையிடையே ஒவ்வொரு நீரும் வந்த வழியும் கரைத்த பொருளும் வெவ்வேறாதலே இதற்குக் காரணம். இரும்பு மிகுந்த நீர் முதன்முறை குடிப்போருக்கு ஆணியை நக்கியது போலிருக்கும். அதை இனிமையென்று புகழ்வோர் பழகிப்போனவர்களே. முன்னாளில் இந்நீர் தீர்க்காத நோயே இல்லையென்று விளம்பரஞ் செய்தனர். தாகந் தீர்க்கும் என்பது மட்டும் எமக்கு ஐயமற்றது. கிருமி கலந்ததெனப் பரிசோதனையிற் கண்டால் பம்பியை மூடி அறிவித்தல் வைப்பதுண்டு; ஆதலின் பலகையை வாசித்த பின்னரே குவளையை நீட்டுதல் வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவரும் நீரை இறுக மூடி விரைவிற் குடித்துவிடல் நன்று. திறந்து வைத்தால் வாயு வெளியேறும். காற்றிலுள்ள ஒட்சிசனோடு இரும்பு சேர்ந்து, தெளிந்திருந்த நீர் செம்மஞ்சளாய்க் கலங்கிப் போத்தலின் அடியில் துருவாகப் படியும். பம்பிகளின் அடிக்கற்கள் செந்நிறமாய் இருப்பதும் இதனாலேயே.