தெர்மாமீட்டரை நீங்களே வையுங்கள்

ஆஸ்பத்திரியோ ஜவுளி மாளிகையோ, நம் வெயிலில் கரன்ட் பில்லின் பெரும்பங்கை விழுங்குவது ஏ.சி.தான். ஆனால் பில் எகிறியதும் நிர்வாகம் முதலில் செய்வது, வராந்தா லைட்டை அணைக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுவது. மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்வதற்கென்றே படித்துத் தேறியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் எனர்ஜி ஆடிட்டர்கள்.

அவர்களுக்குத் தேசியத் தேர்வும் உண்டு. நம் வீட்டு ஃபிரிட்ஜில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டவைத்த அதே பி.இ.இ. என்ற மத்திய அமைப்பின் தேர்வு அது. 2001-ல் வந்த எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின்படி 2002 மார்ச்சில் தொடங்கப்பட்ட அமைப்பு. பொறியியல் பட்டதாரி என்றால் 3 ஆண்டு, டிப்ளமோ என்றால் 6 ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். எனர்ஜி மேனேஜருக்கு 3 தாள்கள். ஆடிட்டராக நான்காவது தாளும் எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் 50 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி.

அந்த நான்காவது தாளைப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். ‘அப்படியானால் சுலபம்’ என்று நினைத்துப் போகிறவர்கள் அங்கேதான் திணறுகிறார்கள். மோட்டார், பம்ப், பாய்லர் என ஒவ்வொன்றின் செயல்திறனையும் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லும் தாள் அது. அளவுகள் கையில் பழகியிருக்க வேண்டும்.

பெரிய கட்டடங்களின் ஏ.சி.க்காகத் தண்ணீரைக் குளிரவைக்கும் ‘சில்லர்’ இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 100 கன மீட்டர் தண்ணீர் 12 டிகிரியில் உள்ளே போய், 9 டிகிரியில் வெளியே வருகிறது. ஒரு லட்சம் கிலோ தண்ணீர் 3 டிகிரி குளிர்ந்தால் 3 லட்சம் கிலோ கலோரி. மணிக்கு 3,024 கிலோ கலோரி என்பது குளிரூட்டும் கணக்கில் ஒரு டன். அதனால் வகுத்தால் 99 டன். கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தால் கம்ப்ரஸர் 110 கிலோவாட் இழுக்கிறது. டன்னுக்கு 1.1 கிலோவாட்! கூலிங் டவரோடு ஓடும் நல்ல பெரிய சில்லருக்கு 0.7-க்குள் போதும். கண்டென்சர் குழாயில் உப்புப் படிந்திருக்கலாம். கூலிங் டவர் அடைத்திருக்கலாம். தேடலே இனிமேல்தான் ஆரம்பம். அதற்கும் முன்னால் ஒன்று. பேனல் காட்டும் டிகிரியை அப்படியே நோட்டில் எழுதாமல், ஆடிட்டர் தன் தெர்மாமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். அந்த 9 டிகிரி உண்மையில் 8 என்றால் முழுக் கணக்கும் மாறிவிடும்.

குளிர்ந்த காற்றை அனுப்பும் விசிறியையும் பாருங்கள். அதன் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவர் எழுதிவிட்டுப் போவார். அந்த விசிறி ஓடும் ஏ.ஹெச்.யூ. அறையில் நின்று மீட்டர் முள் இறங்குவதைப் பார்த்தவருக்கு அது ஆயுசுக்கும் மறக்காது.

2007-ல் வந்து 2017-ல் திருத்தப்பட்ட கட்டட எரிசக்தி விதிகள், 100 கிலோவாட்டோ அதற்கு மேலோ இணைப்புச் சுமை உள்ள வணிகக் கட்டடங்களைக் குறிவைக்கின்றன. அந்த அளவுக் கட்டடம் இன்று சின்ன ஊர்களிலும் எழும்பி நிற்கிறது. அதை அளக்கத் தெரிந்த கைகள் போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

பொறியியல் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வளாகத்திலேயே ஏ.சி. பிளாண்டும் பம்ப் அறையும் ஜெனரேட்டரும் இருக்கின்றன. பூட்டைத் திறந்து, இறுதியாண்டு மாணவர்கள் கையில் ஒரு கிளாம்ப் மீட்டரையும் தெர்மாமீட்டரையும் கொடுங்கள்.