கைப்பேசியும் கைப்பொருளும்

பொருள் ஈட்டுதல் வேறு. ஈட்டிய பொருளை ஆளுதல் வேறு. இவ்வேறுபாட்டைக் கடலூர், சிதம்பரம் வட்டாரச் சிற்றூர்ப் பெண்களின் வாழ்வில் வைத்து நோக்குவோம்.

பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம், 1991-92-இல் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்திற்கும் விரிந்தது. குழுவாகச் சேர்ந்த பெண்கள் வங்கிப் படியேறினர். 2014-இல் வந்த ஜன் தன் திட்டம், குறைந்தபட்ச இருப்பு வேண்டாத கணக்கைத் தந்தது. 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டமோ, மாதம் 1000 ரூபாயைத் தகுதியுடைய பெண்ணின் கணக்கிலேயே சேர்த்தது.

ஆயின், கணக்கு அவள் பெயரில் இருக்க, அதனோடு இணைந்த கைப்பேசி கணவன் கையிலோ மகன் கையிலோ இருப்பின் என்னாகும்? வங்கி அனுப்பும் கடவு எண் அங்கேதான் செல்லும். பெட்டி ஒருவரிடம், திறவுகோல் மற்றொருவரிடம் என்பதே நிலை.

வழிகள் இல்லாமல் இல்லை. இணைய வசதியற்ற பொத்தான் கைப்பேசியிலும் பணம் செலுத்த, 2022 மார்ச்சில் யுபிஐ 123பே அறிமுகமாயிற்று. அஞ்சல்காரரிடம் கைரேகை வைத்து வீட்டு வாயிலிலேயே பணம் பெறவும் இயலும். எனினும் நாற்று நட்டும் மீன் அரிந்தும் தேய்ந்த விரலைக் கருவி சில வேளை ஏற்பதில்லை. ஆதலின் தனக்கென ஒரு கைப்பேசி எண் இன்றியமையாததாகிறது.

மஹர் பெண்ணின் தனிச்சொத்து என்பது இஸ்லாமிய நெறி. அன்னை கதீஜா (ரலி) அவர்களோ வணிகம் நடத்திய பெருமாட்டியார். இம்மரபினை ஏற்ற நாம் செய்யத்தக்கது எளிது. தாயின் கணக்கில் தாயின் எண்ணையே இணைப்போம். இரகசிய எண்ணை அவரே அமைக்கக் கற்றுத் தருவோம். பின்னர் அதனை அவரிடம் கேளாதிருப்போம்.