உலாவியிடம் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்

புது வகுப்புக்குப் போன முதல் நாள், ஆசிரியர் ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொல்வார். பெயர், பிடித்த விளையாட்டு, பிடித்த பாடம் என்று சொல்லிவிட்டு உட்காருவோம். உலகின் முதல் இணையப் பக்கமும் இப்படித்தான் தன்னை அறிமுகம் செய்துகொண்டது.

ஜெனீவா நகருக்குப் பக்கத்தில் செர்ன் என்ற பெரிய இயற்பியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே பல நாட்டு விஞ்ஞானிகள் வேலை செய்தார்கள். ஆளுக்கொரு வகைக் கணினி வைத்திருந்ததால் ஒருவர் எழுதிய குறிப்பை மற்றவர் கணினியில் படிப்பது பெரும்பாடாக இருந்தது. இதைத் தீர்க்க, அங்கே வேலை செய்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆண்டின் முடிவில் முதல் பக்கம் தயாராகிவிட்டது. அதில் படமும் இல்லை, வண்ணமும் இல்லை. ‘உலகளாவிய வலை என்றால் என்ன, யார் இதைச் செய்கிறார்கள், எப்படிப் பயன்படுத்துவது’, இவ்வளவுதான். அந்தப் பக்கம் இருந்த கணினியின் மேல், அதை அணைக்கக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அணைத்தால் அன்றைய வலை முழுவதும் அணைந்துவிடும்!

அந்தப் பக்கத்தை எழுதிய முறைக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். முன்பெல்லாம் பத்திரிகை அலுவலகத்தில் கைப்பிரதியின் ஓரத்தில் ‘இது தலைப்பு’, ‘இங்கே புதுப் பத்தி’ என்று பென்சிலால் குறித்து அச்சகத்துக்கு அனுப்புவார்கள். எச்.டி.எம்.எல். செய்வதும் அதையேதான். குறிப்பைப் படித்து அதன்படி அடுக்கிக் காட்டுவது, இணையப் பக்கங்களைத் திறக்கும் மென்பொருளான உலாவியின் வேலை.

இப்போது கணினியில் நோட்பேடு என்ற எழுதும் செயலியைத் திறங்கள். விசைப்பலகையில் காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் உள்ள விசைகளில் இரண்டு கோண அடைப்புக்குறிகள் இருக்கும். அவற்றுக்கு நடுவில் ஆங்கிலத்தில் எச் என்ற எழுத்தையும் 1 என்ற எண்ணையும் தட்டுங்கள். இது ஒரு குறிச்சொல். ‘பெரிய தலைப்பு இங்கே தொடங்குகிறது’ என்று பொருள். அடுத்து உங்கள் பெயரைத் தமிழில் எழுதுங்கள். பிறகு அதே குறிச்சொல்லை மறுபடி போடுங்கள். இந்த முறை எச்-சுக்கு முன்னால் ஒரு சாய்கோடு வேண்டும். தலைப்பு முடிந்தது என்று அந்தச் சாய்கோடுதான் சொல்கிறது.

அடுத்த வரியில், எச்1-க்குப் பதிலாகப் பி என்ற ஒற்றை எழுத்து. அது பத்திக்கான குறி. உள்ளே என்ன எழுதலாம்? கொடுக்காப்புளி பிடிக்கும், மழை நாளில் பல்லாங்குழி ஆடுவேன், பல்லியைக் கண்டால் பயம் என்று உங்களுக்கே உரியதை எழுதுங்கள். சேமிக்கும்போது கோப்பு வகையில் ‘ஆல் ஃபைல்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் எச், டி, எம், எல் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் சேருங்கள். கோப்பை இருமுறை சொடுக்கினால் உலாவியில் உங்கள் பெயர் பெரிதாக வந்து நிற்கும்.

இங்கே இரண்டு சோதனைகள் செய்து பாருங்கள். இரண்டு சொற்களுக்கு நடுவில் பத்து முறை என்டர் தட்டிச் சேமியுங்கள். உலாவியில் ஒரே ஓர் இடைவெளிதான் தெரியும். கூடுதல் வெற்றிடத்தை உலாவி கணக்கில் கொள்வதில்லை, குறிச்சொல்லைத்தான் மதிக்கும். அடுத்து, தலைப்பின் முடிவில் போட்ட சாய்கோட்டை எடுத்துவிடுங்கள். தலைப்பு இன்னும் முடியவில்லை என்று உலாவி நினைத்துக்கொள்ளும். கீழே இருக்கும் கொடுக்காப்புளியும் பல்லியும்கூடப் பெரிய எழுத்தாகிவிடும்! தவறாக எழுதினாலும் உலாவி திட்டாது, தன்னால் முடிந்தவரை ஊகித்துக் காட்டும். எச்.டி.எம்.எல்.லில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இதுதான்.

சில கணினிகளில் தமிழ் எழுத்துகள் வராமல், தலையில் சின்னக் கோடு வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசை கட்டி நிற்கும். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். யூனிகோடு முறையில் ‘அ’வின் எண் 2949, ‘ஆ’வின் எண் 2950. இந்த எண்களைச் சேமிக்கும் ஒரு வழிக்கு யூ.டி.எஃப்-8 என்று பெயர். கோப்பின் உச்சியில் மெட்டா என்ற குறிச்சொல்லில் இந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் உலாவி குழம்பாது. இந்த முறையில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு 15 பைட்டுகள் வேண்டும். மூன்றெழுத்துக்கு ஏன் பதினைந்து? த, ம, இகரத்தின் கொக்கி, ழ, மேல் புள்ளி என்று கணினி அதை ஐந்தாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள். ‘தமிழ்’ என்று மட்டும் எழுதிச் சேமித்து, கோப்பின் அளவை நீங்களே பாருங்கள்.

படம் வைக்க ஆசையா? நீங்கள் வரைந்த படத்தையே வையுங்கள். பக்கத்துக்குள் இருப்பது படம் அல்ல, படம் இருக்கும் இடத்தின் முகவரி. அதனால் படத்தை வேறு இடத்துக்கு மாற்றினால் பக்கத்தில் அது தெரியாது.

இப்போதைக்கு இந்தப் பக்கம் உங்கள் கணினிக்குள் மட்டும்தான் இருக்கிறது. அம்மா அப்பாவைக் கேட்காமல் இணையத்தில் ஏற்றாதீர்கள். வீட்டு முகவரி, தொலைபேசி எண், பள்ளியின் பெயர் எதுவும் அதில் வேண்டாம்.

1993 ஏப்ரல் 30-ல் செர்ன் இந்த வலைத் தொழில்நுட்பத்தை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. அதனால்தான் யாரிடமும் காசு கட்டாமல் நாம் இதை எழுத முடிகிறது. அந்த முதல் பக்கத்தின் பிரதியைச் செர்ன் இன்றும் இணையத்தில் வைத்திருக்கிறது. பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். வலது சொடுக்கில் ‘வியூ பேஜ் சோர்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் தலைப்பைச் சுற்றியும் எச்1 இருக்கும், இன்று நீங்கள் தட்டிய அதே எச்1.